ஐயாற்றின் கண்கள்

ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. கயிலையை நேரில் காணப் புறப்பட்ட அப்பர், நடந்து கால் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, இனி ஓரடியும் நகர முடியாத நிலையில் வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது புராணம். கரையேறியவர் கண்ணில் பட்ட உயிர்களெல்லாம் ஆணும் பெண்ணுமாக, சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. நாலாம் திருமுறையில் உள்ள அந்தப் பதிகத்தில் பாட்டுக்கொரு ஜோடி வருகிறது. யானையில் தொடங்கி கோழி, குயில், மயில், அன்றில், பன்றி, மான், நாரை, கிளி என்று போய், காளையும் இளம்பசுவுமாக முடிகிறது. இதுவரை காணாததைக் கண்டுவிட்டேன் என்று ஒவ்வொரு பாட்டிலும் அவர் வியக்கிறார்.

இந்தப் பதிகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். அவர் கண்ட அத்தனை உயிர்களுக்கும் கண் இருந்தது. அதே குளமும், அதே படித்துறையும், நீர் சொட்ட நின்ற அந்தக் கிழவரும் யானைக்கு எப்படித் தெரிந்திருப்பார்கள்? கோழிக்கு எப்படி? நாரைக்கு எப்படி? ஏழாம் நூற்றாண்டில் கேட்க முடியாத இந்தக் கேள்விக்கு இன்று ஓரளவு விடை சொல்ல முடிகிறது.

கண்ணிடம் நாம் எதிர்பார்க்கும் வேலைகள் பல. இருட்டிலும் தெரிய வேண்டும். நெல்மணியின் நுனி வரை துல்லியமாகத் தெரிய வேண்டும். நிறம் பிரிய வேண்டும். பக்கவாட்டில் வருவது தெரிய வேண்டும். பாய்ந்து வருவதைப் பாயும்போதே பிடிக்க வேண்டும். இவையெல்லாவற்றையும் ஒரே கண்ணில் உச்சத்தில் வைக்க ஒளியியல் இடம் கொடுப்பதில்லை. ஒளி துகள்களாக வந்து விழுகிறது என்பதுதான் காரணம். முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற அண்டாக்கள் நாலைந்து வைத்தால் தூறலிலும் தண்ணீர் சேரும். ஆனால் முற்றத்தின் எந்த மூலையில் மழை கூடுதல் என்று சொல்ல முடியாது. முற்றம் முழுக்கச் சின்னக் கிண்ணங்களாக அடுக்கினால் மூலைக்கு மூலை கணக்குச் சொல்லலாம். ஆனால் தூறலில் பாதிக் கிண்ணங்கள் காய்ந்தே கிடக்கும். விழித்திரையில் செல்களைப் பொடிப்பொடியாக அடுக்கினால் நுணுக்கம் கிடைக்கும், இருட்டில் பார்வை போகும். நிறத்துக்கென்று செல்களை வகை பிரித்தால், ஒவ்வொரு வகைக்கும் கிடைக்கும் ஒளி இன்னும் குறையும். வேகத்தைப் பிடிக்க ஒளி சேரும் நேரத்தைக் குறைத்தாலும் அதே இழப்புதான். உலகில் உள்ள ஒவ்வொரு கண்ணும் இந்த நெருக்கடிக்குள் தனக்கு வேண்டியதைப் பெற்று, வேண்டாததை விட்டுக்கொடுத்த கண்.

நாம் விட்டுக்கொடுத்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் விழித்திரையில் சுமார் 9 கோடி குச்சி செல்கள் இருக்கின்றன; இவை இருட்டுக்கானவை, நிறம் அறியாதவை. பகலுக்கும் நிறத்துக்குமான கூம்பு செல்கள் அரைக்கோடி அளவில்தான். அந்தக் கூம்புகள் விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழியில் நெருக்கியடித்து நிற்கின்றன. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நம்முடைய உண்மையான கூர்மை. மற்றதெல்லாம் மங்கல். கண்கள் ஓயாமல் அங்குமிங்கும் தாவி அந்த மங்கலை மூளை உணராதபடி செய்துவிடுகின்றன. அந்தக் குழியின் நடுவில் குச்சி செல்லே கிடையாது. அதனால்தான் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைகிறது, சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரிகிறது.

இனிப் பதிகத்தின் கடைசி ஜோடியிலிருந்து தொடங்குகிறேன். காவிரி டெல்டாவில் மாடு தெரியாதவர் இல்லை. மாட்டின் கண்ணைத் தெரிந்தவர் குறைவு.

மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே சுற்றுவட்டத்தில் சுமார் 330 பாகையை அது பார்க்கிறது. பின்னால் ஒரு சிறு பகுதிதான் தெரியாது. மேய்ச்சலில் தலை குனிந்திருக்கும்போதும் தொடுவானம் முழுக்க அதன் கண்ணில் இருக்கும். கண்மணி நமக்குப்போல வட்டமாக இல்லாமல் கிடைமட்டமாக நீண்டிருக்கிறது. ஆட்டின் கண்ணில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2015இல் 214 விலங்கினங்களின் கண்மணிகளை ஒப்பிட்ட மார்ட்டின் பேங்ஸ் குழுவினர், வேட்டையாடப்படும் மேய்ச்சல் விலங்குகளில்தான் இந்தக் கிடைமட்ட வடிவம் மிகுதி என்று காட்டினார்கள். தரையை ஒட்டி வரும் ஆபத்தை அது இடமிருந்து வலம் வரை நிறைய ஒளியோடு காட்டுகிறது; தலைக்கு மேல் வெயிலை மட்டுப்படுத்துகிறது. ஆடு தலையைக் குனியும்போது கண்விழி குழிக்குள்ளேயே சுழன்று அந்தக் கோட்டைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்கிறது. பூனைக்கு நேர்மாறு. பதுங்கிப் பாயும் சிறு வேட்டை விலங்குக்குச் செங்குத்துப் பிளவு, தூரத்தைத் துல்லியமாகக் கணிக்க உதவுகிறது.

இவ்வளவு அகலமான பார்வைக்கு மாடு கொடுத்த விலை, கூர்மையும் ஆழமும். இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு அதற்குக் குறைவு. தரையில் விழுந்த புது நிழல், வாய்க்கால் மேல் போட்ட கம்பிச்சட்டம், வழியில் கிடக்கும் ஒரு துண்டு, இவற்றின் முன் மாடு நின்றுவிடும். தலையைத் தாழ்த்தி, இரு கண்ணாலும் அதைப் பார்த்து, பள்ளமா மேடா என்று முடிவுசெய்ய அதற்கு நேரம் வேண்டும். கால்நடைகளைக் கையாளும் முறைகளை ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நேரத்தைக் கொடுக்காமல் முரண்டு பிடிக்கிறது என்று சாட்டையை எடுப்பது அந்தக் கண்ணை அறியாத கொடுமை. லாரியில் மாடு ஏற்றும் இடங்களில் இது அன்றாடம் நடக்கிறது.

நிறத்துக்கு வருவோம். மாட்டின் விழித்திரையில் இரண்டே வகைக் கூம்புகள். ஒன்று நீலப் பக்கம், மற்றது மஞ்சள்பச்சைப் பக்கம் கூர்மையானது. நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரிக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரிப்பது கடினம். மாட்டுப் பொங்கலன்று ஒரு கொம்புக்குச் சிவப்பும் இன்னொன்றுக்குப் பச்சையும் அடித்தால், அந்த அழகு நமக்கானது. பக்கத்து மாட்டுக்கு இரண்டும் ஒரே வகை நிறத்தின் அடர்த்தி வேறுபாடு மட்டுமே. சிவப்புத் துணியைக் கண்டால் காளை மிரளும் என்பதும் தவறு. துணி அசைகிறது, அதனால் மிரள்கிறது.

யானையும் இப்படியே. 2005இல் ஷோசோ யோகோயாமாவும் அவருடன் ஆய்ந்தவர்களும் யானையின் கண் நிறமிகளை ஆராய்ந்து, அதன் நிறப்பார்வை சிவப்பு–பச்சை பிரியாத நிறக்குருடு உள்ள மனிதர்களின் பார்வையை ஒத்தது என்று கண்டார்கள். கோயில் வாசலில் நிற்கும் யானைக்கு, அர்ச்சனைத் தட்டின் வெற்றிலைப் பச்சையும் குங்குமச் சிவப்பும் நாம் காண்பதுபோல ஒன்றையொன்று எடுத்துக்காட்டுவதில்லை.

பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏன் இரண்டே நிற வகைகள்? முதுகெலும்பிகளின் பழைய மூதாதைக்கு நான்கு வகைக் கூம்புகள் இருந்தன. டைனோசர்கள் பகலை ஆண்ட காலத்தில் நம் பாலூட்டி முன்னோர் சிறு உருவில், பெரும்பாலும் இரவில் நடமாடின. இருட்டில் அவற்றுக்கு நிறம் அதிகம் பயன்படவில்லை. பயன்படாததைப் பரிணாமம் காப்பாற்றாது. இரண்டு வகைகள் போயின. 1942இல் கார்டன் வால்ஸ் எழுதிய முதுகெலும்பிகளின் கண் பற்றிய பெருநூலில் இந்தக் கருத்தின் வேர் இருக்கிறது. பிற்கால மரபணு ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. பின்னர், 3 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆசிய–ஆப்பிரிக்கக் குரங்குகளின் மூதாதை ஒன்றில், எக்ஸ் நிறப்புரியில் இருந்த ஒரு நிறமி மரபணு இரட்டித்து, இரண்டும் சற்றே விலகின. மூன்றாம் நிறவகை அப்படித்தான் திரும்பி வந்தது. பச்சை இலைக்கூட்டத்துக்குள் பழுத்ததையும் செந்தளிரையும் கண்டுபிடிக்க அது உதவியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. மாமரத்தில் தாவும் நாட்டுக் குரங்குக்கும் நமக்கும் நிறப்பார்வை ஒன்றுதான். அந்த மரபணு எக்ஸ் நிறப்புரியில் இருப்பதால்தான், ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண்களிடம் சிவப்பு–பச்சை நிறக்குருடு மிகுதியாகக் காணப்படுகிறது.

இங்கே காவிரிக்கரையில் பிறந்த ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. திருவையாற்றுக்கு மேற்கே, திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெற்றவர், தம் கடைசிக் காலத்து ஆய்வை மனிதக் கண்ணுக்கே கொடுத்தார். 1968இல், எண்பது வயதை நெருங்கும்போது, பார்வையின் உடலியங்கியல் குறித்து ஒரு முழு நூல் வெளியிட்டார். மூன்று வகை நிற உணர்விகள் என்ற பழைய கொள்கையை அவர் ஏற்கவில்லை. அதில் அவர் பக்கம் நிற்க முடியாது. 1986இல் ஜெரமி நேதன்ஸ் மனித நிறமி மரபணுக்களைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகு அந்தக் கொள்கை ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைபெற்றது. ஆனால் பூக்களையும் மணிக்கற்களையும் வானத்தையும் வடிகட்டிக் கண்ணாடிகள் வழியே பார்த்து, தம் கண்ணையே கருவியாக்கிக் குறிப்பெழுதிய அந்த முறை எளியது, நேர்மையானது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரி மாணவருக்கு அந்த நூலை இன்றும் நான் சிபாரிசு செய்வேன்.

நாம் மூன்று நிற வகைகளைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அதே முற்றத்தில் கோழி மேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு நான்கு. பறவைகளின் முன்னோர் பகலை விட்டு ஒதுங்கவில்லை. பழைய நான்கு வகைகளையும் அப்படியே வைத்துக்கொண்டன. அதோடு, ஒவ்வொரு கூம்பு செல்லின் வாயிலும் ஒரு நுண்ணிய எண்ணெய்த் துளி இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நிறமற்றது என்று துளிகளின் சாயல் வேறு. ஒளியை வடிகட்டி, ஒரு வகைக் கூம்புக்கும் மற்றதற்கும் இடையிலான வேறுபாட்டை அவை கூர்மையாக்குகின்றன. அந்தச் சாயத்தின் மூலப்பொருள் இரையிலிருந்து வரும் கரோட்டினாய்டுகள். குப்பைமேட்டில் கீரையும் புழுவும் கொத்தித் தின்னும் கோழி, தன் நிறப்பார்வைக்கு வேண்டியதையும் சேர்த்தே தின்கிறது.

கோழிக்கண்ணின் அமைப்பு இயற்பியலாளர்களையும் இழுத்தது. கூம்பு செல்கள் பூச்சிக் கண்ணில் போல வரிசை பிசகாத அறுகோணங்களாக நிற்பதில்லை. பார்த்தால் ஒழுங்கற்ற சிதறல். ஆனால் ஒவ்வொரு வகையும் தன் வகையிலிருந்து குறிப்பிட்ட இடைவெளி விட்டே நிற்கிறது. ஜோசப் கார்போவும் இயற்பியலாளர் சால்வடோர் டார்குவாட்டோவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிறு அளவில் ஒழுங்கின்மை, பெரிய அளவில் பளிங்குக்குரிய சீர்மை என்ற ஓர் அபூர்வ நிலை இது என்று காட்டினார்கள். ஐந்து வகைக் கூம்புகளிலும் தனித்தனியாகவும், எல்லாம் சேர்ந்தும் இந்தச் சீர்மை இருக்கிறது. (ஐந்தாவது, நிறத்துக்கு உதவாத இரட்டைக் கூம்பு, அசைவைப் பிடிக்கிறது.) உயிரியலில் இந்த நிலை முதலில் கண்டறியப்பட்டது ஒரு கோழியின் கண்ணில்.

இனி நாரை. பதிகத்தில் நாரை என்று வருவதன் குடும்பத்தில் இன்று வயலில் நாம் அதிகம் காண்பது கொக்குகளை. ஜூனில் மேட்டூர் திறந்து, வாய்க்கால் நிறைந்து, வயலில் தண்ணீர் கட்டியதும் அவை வந்து இறங்கிவிடும். சிறுவெண்கொக்கு மடை ஓரத்தில் அசையாமல் நிற்கும். உழவு ஓடும் வயலில் ஏர் மாட்டையோ டிராக்டரையோ தொடர்ந்து உண்ணிக்கொக்கு நடக்கும். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் கண்ணும் மூளையும் செய்யும் வேலை வேறு.

நீருக்குள் இருக்கும் மீன், மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு இருக்கும் இடத்தில் தெரியாது. நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. மீன் உண்மையைவிட மேலே, ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதாகத் தோன்றும். தெரிகிற இடத்தில் கொத்தினால் அலகு வெறும் தண்ணீரைக் கொத்தும். படித்துறையில் குளிக்கும் பிள்ளைகள் கையால் மீன் பிடிக்க முயன்று ஒவ்வொரு முறையும் தோற்பது இதனால்தான்.

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காடி காட்சிர் 1987இல் கரைக்கொக்குகளை வைத்து இதைச் சோதித்தார். நம் கோடியக்கரைப் பக்கமும் வரும் பறவை அது. நீருக்குள் இருக்கும் இரைக்கு அது தலையைக் கொண்டுபோகும் பாதையைப் படம்பிடித்து அளந்தபோது, கொத்துவதற்குச் சற்று முன் தலை ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வருவது தெரிந்தது. அந்த நிலையில் தோற்ற ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் இடையே நேரான, நிலையான ஒரு விகிதம் கிடைக்கிறது. அந்த விகிதத்தை வைத்துப் பறவை திருத்திக் கொத்துகிறது. சிறுவெண்கொக்கும் இந்தத் திறமை உடையது. 1999இல் அதே ஆய்வாளர் குழு உண்ணிக்கொக்கைச் சோதித்தது. நீருக்குள் வைத்த இரையை அது மற்றக் கொக்குகளைவிட மிகுதியாகத் தவறவிட்டது. உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியும் பூச்சியும் பிடித்துத் தரையில் வாழும் பறவை. நீரின் வளைவைத் திருத்தும் வேலை அதற்கு அன்றாடம் தேவைப்படவில்லை. வயல் வேறு பயன்பாட்டுக்கு மாறும்போது, பறவை வேறிடம் போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வெண்கொக்குகளுக்குள்ளேயே இத்தனை தூரம். ஒன்று போனால் அதன் இடத்தில் மற்றது நின்றுவிட முடியாது.

கோழி, கிளி போன்ற பறவைகளின் நான்காவது கூம்பு ஊதா, புற ஊதாப் பக்கம் உணர்வது. தேனீக்கும் புற ஊதா தெரியும், சிவப்புத் தெரியாது. 1914 வாக்கில் கார்ல் ஃபான் ஃபிரிஷ், சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு வண்ண அட்டையில் சர்க்கரைநீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். நீல அட்டையை அவை தவறாமல் கண்டுபிடித்தன. சிவப்பை அடர்சாம்பலோடு குழப்பிக்கொண்டன. மஞ்சளாக மட்டும் நமக்குத் தெரியும் பல பூக்களில் தேனீக்கு நடுவே இருண்ட வட்டம் தெரிகிறது. இதழ் அங்கே புற ஊதாவை உறிஞ்சிவிடுகிறது. கல்யாண முருங்கைபோல வேலியில் சிவக்கப் பூக்கும் மரத்துக்கு மைனாவும் காகமும் தேன்சிட்டும் முந்தி வருகின்றன. சிவப்பு அவற்றுக்குத்தான் பளிச்சென்று தெரியும்.

நமக்குப் புற ஊதா ஏன் தெரிவதில்லை? விழித்திரை அறியாததால் அன்று. கண்ணின் லென்ஸ் அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. கண்புரைக்காக லென்ஸை அகற்றிய கண்ணுக்கு அண்மைப் புற ஊதா, வெளிறிய நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும். இது தஞ்சைக்கு நெருக்கமான செய்தி. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில் தஞ்சையில் கண் மருத்துவம் முறையாக நடந்தது. நோயாளிகளின் குறிப்புகளும், நோயுற்ற கண்களைப் பார்த்து வரைந்த வண்ணப் படங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. கண்புரைக்கு அக்காலத்தில் லென்ஸை அதன் இடத்திலிருந்து விலக்கித் தள்ளுவார்கள் அல்லது எடுப்பார்கள். மாற்று லென்ஸ் இல்லை. உருவம் மங்கலாகத்தான் தெரியும். அப்படிச் சிகிச்சை பெற்ற கண்களுக்குத் தேனீ காணும் ஒளியில் ஒரு சிறு பங்கு கிடைத்திருக்கும். இன்று பொருத்தப்படும் செயற்கை லென்ஸ்களில் பெரும்பாலானவை புற ஊதாவைத் தடுக்கும் பொருள் சேர்த்தே செய்யப்படுகின்றன, விழித்திரையின் பாதுகாப்புக்காக. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் தொடங்கப்பட்டு லென்ஸின் விலை பெருமளவு குறைந்த பிறகுதான், ஏழைகளுக்கும் கூர்மையான பார்வை திரும்பக் கிடைக்கும் நிலை வந்தது.

இரவுக்குப் போவோம்.

நண்பகல் வெயிலுக்கும் நிலவில்லாத இரவின் நட்சத்திர ஒளிக்கும் இடையே சுமார் 10 கோடி மடங்கு வேறுபாடு. அந்த ஒளியில் நம் கூம்புகள் செயலற்றுப் போகின்றன, குச்சி செல்கள் மட்டும் வேலைசெய்கின்றன, உலகம் சாம்பல். மாட்டின் கண்ணுக்குப் பின்னால் எதிரொளிக்கும் படலம் ஒன்று இருக்கிறது. விழித்திரையில் தப்பிப்போன ஒளியை மறுபடி அது திருப்பி அனுப்புகிறது. கல்லணைச் சாலையில் இரவில் வண்டி விளக்கு பட்டதும் மாட்டின் கண்கள் ஒளிர்வது இதனால்தான். ஆந்தைக்கு அந்தப் படலம் இல்லை. பதிலாகக் கண்ணையே பெரிதாக்கிக் குழாய்போல நீட்டிக்கொண்டது. அந்தக் கண் குழிக்குள் திரும்பாது. ஆகவே கழுத்து 270 பாகை திரும்புகிறது. எலித் தொல்லைக்காக டெல்டா உழவர்கள் வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுவது நல்ல வழக்கம். கூகைக்குக் கண்ணுக்கு நிகராகக் காதும் கூர்மை. இருட்டில் எலியின் சலசலப்பைக் கொண்டே அது பாயும்.

இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது ஒரு வண்டு. ஊர்மக்கள் கருவண்டு என்பார்கள். உண்மையில் அது மரம் துளைக்கும் தேனீ. அதில் ஓர் இனத்தின் அறிவியல் பெயர் சைலோகோப்பா டிரான்குபாரிகா. பெயரின் இரண்டாம் பாதி தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் ஒப்புதலோடு டேனியர்கள் கோட்டை கட்டிய ஊர், திருவையாற்றுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் அளவில். லின்னேயஸின் மாணவரான ஃபப்ரீசியஸ் 1804இல் அந்த ஊரின் பெயரை இந்தத் தேனீக்கு வைத்தார். கடற்கரை ஊரின் பெயரைச் சுமந்த அந்தத் தேனீ இரவில் பறப்பது. நிலவே இல்லாத இரவிலும் பறப்பது.

ஹேமா சோமநாதன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரெனே போர்ஜஸ், சுவீடன் லுண்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் வாரன்ட், அல்முட் கெல்பர் ஆகியோர் மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பட்டமரத்தில் துளைத்த கூட்டின் வாசலுக்கு அடையாளமாக வண்ண அட்டைகளை வைத்துத் தேனீக்களைப் பழக்கி, பிறகு அடையாளத்தை இடம் மாற்றிப் பார்த்தார்கள். நட்சத்திர ஒளியிலேயே அவை நிறத்தை வைத்து வாசலைத் தேடின. அட்டைகளை வைத்த ஆய்வாளர்களின் கண்ணுக்கு அந்த நேரத்தில் நிறமே இல்லை. தேனீயின் கூட்டுக் கண் பகல் வெளிச்சத்துக்கான அமைப்பு என்பதுதான் பாடநூல் கருத்து. இந்த இனத்தில் ஒவ்வொரு சிறுகண்ணும் அகன்று, ஒளி உணரும் தண்டு தடித்திருக்கிறது. அண்டாக்களின் வாயை அகலப்படுத்தி, கூர்மையை விட்டுக்கொடுத்து, நிறத்தை மட்டும் அது காப்பாற்றிக்கொண்டது. பாலூட்டிகள் இருட்டில் நிறத்தை இழந்தன என்றால், இருட்டு அதைக் கட்டாயமாகக் கேட்டது என்று பொருளில்லை.

இரவின் இந்த நுட்பத்தை எதிர்பார்க்காமல் நாம் விளக்குகளை ஏற்றிவிட்டோம். நெல்வயலில் தண்டுத் துளைப்பானின் தாய்ப்பூச்சியும் புகையானும் விளக்குப் பொறியில் வந்து விழுவது உழவர்கள் அறிந்தது. ஏன் விழுகின்றன? 2024இல் வெளியான ஓர் ஆய்வில் சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி ஆகியோரின் குழு அதிவேகக் கேமராவில் பூச்சிகளைப் படம்பிடித்தது. அவை விளக்கை நோக்கிப் பறக்கவில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்தன. இரவிலும் வானம் தரையைவிடச் சற்று வெளிச்சமானது. வெளிச்சம் எங்கோ அங்கே மேல் என்று பூச்சியின் உடல் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு விளக்கு வந்ததும் மேல் எது கீழ் எது என்பது குழம்பி, அது விளக்கைச் சுற்றிச் சுழன்று விழுகிறது. பொறியில் பயிரைக் காக்கும் பூச்சிகளும் விழும். அதனால்தான் இரவு முழுக்க எரிய விடாமல் முன்னிரவோடு அணைத்துவிடுவது நல்லது. நீல ஒளி மிகுந்த வெள்ளை எல்இடி விளக்குகள் ஆற்றங்கரையிலும் ஊர்ச்சாலையிலும் இப்போது பரவிவருகின்றன; மஞ்சள்சிவப்பு ஒளியும், கீழ்நோக்கி மட்டும் விழும் மூடியும் பூச்சிகளைக் குறைவாகவே குழப்பும்.

கடைசியாக, நமக்கு ஏறக்குறையத் தெரியாத ஒன்று. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, பெரும்பகுதி ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக மாறுகிறது. இதைத் தளவிளைவு என்கிறார்கள். நம் கண் இதைப் பிரித்தறிவது அரிது. தட்டானுக்கு இதுதான் நீரின் அடையாளம். பெரிய தட்டான்களில் ஒரு கூட்டுக் கண்ணில் 30,000 அளவுக்குச் சிறுகண்கள் இருக்கும். பறந்துகொண்டே கொசுவையும் பூச்சியையும் பிடிக்கும். நெல்வயலின் தேங்கிய நீரில் முட்டையிடும். அக்டோபர், நவம்பரில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள்பழுப்புத் தட்டான்கள் மாலத்தீவு வழியே இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எடுத்துரைத்தார். எங்கே இறங்கினாலும் அவை தேடுவது ஆழமில்லாத, தேங்கிய நீர்.

பளபளப்பான கரிய கார் மேற்பரப்பும் எண்ணெய்க் குட்டையும் நீரைவிட வலுவாகத் தளவிளைவு கொண்ட ஒளியை எதிரொளிக்கின்றன. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார். தட்டான்கள் கார் பானட்டில் முட்டையிடுகின்றன. வெயிலில் சூடான தகட்டில் அந்த முட்டைகளுக்கு வாழ்வில்லை. 2010இல் அவருடைய குழு, சோலார் தகடுகளும் நீர்ப்பூச்சிகளை இப்படியே ஏமாற்றுவதைக் காட்டியது. வழியையும் அவர்களே சொன்னார்கள். தகட்டின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகளைக் கட்டம் கட்டமாக இட்டால், ஏமாந்து இறங்கும் பூச்சிகள் பல மடங்கு குறைகின்றன. கோடுகள் மூடும் பரப்பு மிகச் சிறிது. மின்சார இழப்பும் அவ்வளவே.

டெல்டாவில் சோலார் மோட்டார்கள் இப்போது வரப்போரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. மின்சாரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால் உழவர்கள் விரும்புகிறார்கள், விரும்பத்தான் வேண்டும். தகடு நிற்பதோ தட்டானின் நாற்றங்காலுக்கு நேர் மேலே. இனி வரும் தகடுகளில் அந்த வெள்ளைக் கட்டத்தைத் தொழிற்சாலையிலேயே அச்சிட்டுத் தரும்படி மானிய விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம். வாங்குபவரின் கண்ணுக்கு அது தகட்டில் விழுந்த கீறல்போல இருக்கும். தட்டானின் கண்ணுக்கு, இது தண்ணீர் இல்லை என்று தெரியும்.